கத்திரி பிறப்பதற்கு முன்

எங்கள் பக்கம் ‘கத்திரி’ என்பது ஒரு தேதி. நாள்காட்டியில் அக்னி நட்சத்திரம் ஆரம்பம் என்று போட்டிருக்கும் நாளில் அது பிறக்கும். அதற்கு முன் எவ்வளவு கொளுத்தினாலும் அது வெறும் வெயில்தான். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் எங்கள் வீட்டிலும், பக்கத்து வீட்டு நாள்காட்டியைப் பார்த்துத்தான் கத்திரி பிறக்கும்.

என் அண்ணன் சவுரிமுத்து, மொட்டைமாடிகளில் சூடு இறங்காமலிருக்க வெள்ளைப் பெயின்ட் அடிப்பவர். பம்மலில் தோல் பதனிடும் வேலை போனபிறகு இதற்கு வந்தார். கத்திரி பிறந்த அன்று ரோலரைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். கத்திரி முடியும்வரை யார் கூப்பிட்டாலும் மாடி ஏறமாட்டார். வீட்டிலேயே கிடந்து, நன்றாக ஓடும் மிக்ஸியைப் பிரித்துப்போட்டு அண்ணியிடம் திட்டு வாங்குவார். அந்த ஓய்வுக்காகவே ஏப்ரலில் வேலையை நெருக்கிப் பிடிப்பார்.

இந்த வருஷம் ஏப்ரல் கடைசியில் காற்றே சுட்டது. ஊரப்பாக்கத்தில் ஒரு மாடியை முடித்துவிட்டு வந்தவருக்குத் தலைவலி, வாந்தி. மறுநாள் காலையில் அண்ணி கனகவல்லி வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டார்.

“இன்னிக்குப் போவாத. மூஞ்சி எப்டி கீதுன்னு பாரு.”

“இன்னும் கத்திரியே பொறக்கலடி. இதுக்கே குந்திக்கினா கத்திரிக்கு இன்னா பண்றது? ஃப்ரிட்ஜுல ஏறிக் குந்திக்கவா?”

“உன் ஒடம்புக்கு நம்ம ஃப்ரிட்ஜு பத்தாது.”

சிரித்தபடி அண்ணியே சாவியைக் கொடுத்தார்.

அன்று சேலையூரில் ஜெயஸ்ரீ என்பவர் வீட்டு மாடி. நண்பகலில் அந்த அம்மா மோர் கொண்டுபோய், “கீழ வந்துடுங்கண்ணா, சாயங்காலம் பாத்துக்கலாம்” என்றிருக்கிறார்.

“கத்திரி வர்றதுக்குள்ள முடிச்சிர்றேம்மா.”

கொஞ்ச நேரத்தில் மாடியில் சத்தம் நின்றுபோனது. அந்த அம்மா ஏறிப் பார்த்தபோது அண்ணன் ஈரப் பெயின்ட்டின்மேல் விழுந்து கிடந்தார். உடம்பு நெருப்பாய்ச் சுட்டது; ஒரு சொட்டு வியர்வை இல்லை. தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். இருட்டுவதற்குள் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஒருவர் விடாமல் கேட்டார்கள்: “இன்னும் கத்திரிகூட வரலியே, எப்டி?”



கத்திரி பிறந்த அன்று வானம் மூடியிருந்தது. மதியம் லேசாகத் தூறியது. அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பினார்.

“இன்னிக்கு வெயிலே இல்ல, பாத்தியா தம்பி? அந்த மனுசன் இருந்தா, இன்னிக்கு வூட்லதான் இருந்திருப்பாரு.”