ஒரு மதகு, இரண்டு பூட்டு

அந்த இரண்டு துறைக்காரர்களும் நாசமாய்ப் போக! பூபுசாரா அக்காவைப் பற்றிச் சொல்ல உட்கார்ந்தாலே வாயில் முதலில் இதுதான் வருகிறது. தலாஸ் பள்ளத்தாக்கில் எங்கள் ஊர் வாய்க்காலின் கடைமடை. முறைவைத்துத் தண்ணீர் விடும் நீர்க்கட்டி அக்காதான். பொம்பளைக்கு எதற்கு மண்வெட்டி என்று சிரித்தவன் வயலுக்கும் ஒழுங்காகத் தண்ணீர் சேர்த்தவள்.

தலைமதகில் இரண்டு பூட்டு. ஒன்று பாசனத் துறையுடையது, மற்றது அணைத் துறையுடையது. இரண்டு சாவியும் சேர்ந்து வந்தால்தான் மதகு திறக்கும். எங்கே வருகிறது? பீன்ஸ் பூவெடுத்து நிற்கிறது. இப்போது தண்ணீர் இல்லையென்றால் பூ உதிர்ந்து வருஷப் பிழைப்பே போயிற்று. பாசனத்தில் கேட்டால், "அணைக்காரன் சொல்லணும்" என்றார்கள். அணையில் கேட்டால், "பாசனக்காரன் எழுதிக் கேக்கணும்" என்றார்கள். அக்கா அலைந்து அலைந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

அந்த வாரம் என் அப்பாவின் நாற்பதாம் நாள் விருந்து. பாசனத் துறை குபாத்தும் அணைத் துறை மெதெரும் வந்தார்கள். சாவுச் சோற்றை எங்கள் பக்கம் யாரும் தட்டமாட்டார்கள். அக்கா இருவரையும் ஒரே விரிப்பில் தன் எதிரே உட்காரவைத்தாள். கறி வந்தது, தேநீர் வந்தது. சாப்பிட்டு முடிந்ததும் விரிப்பில் மூத்தவர் கையேந்தி ஆசி சொல்ல வேண்டும். அதுவரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது. மூத்தவள் அக்காதான். அவள் கை மடியைவிட்டு அசையவில்லை.

"அக்கா, ஆசி சொல்லுங்க, வேலை கெடக்கு" என்றான் குபாத்.

"என்ன பொல்லாத வேலை? பூட்டுக்குக் காவலா? ரெண்டு சாவியும் மதகுக்குப் போகட்டும், சொல்றேன்."

"இது எழவு வீடுக்கா" என்று மெதெர் முணுமுணுத்தான்.

"ஆமாடா, வெளியில வயலும் செத்துக்கிட்டிருக்கு. உக்காரு!"

எனக்கே உடம்பு கூசியது. அப்பாவுக்கான ஆசியை வைத்துப் பேரம் பேசுகிறாளே! ஆனால் அப்பாவும் பீன்ஸ் போட்டவர்தான். தேநீர் ஆறியது. கடைசியில் இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு தங்கள் ஓட்டுநர்களுக்குப் போன் போட்டு, சாவியை மதகுக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். மதகு திறந்த சேதி வந்த பிறகே அவள் கையேந்தினாள்.

பூ உதிராமல் நின்றது. ஊர் பிழைத்தது.

மறுவாரம் இருவரும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கினார்கள். ஒரே உத்தரவு, இரண்டு துறை முத்திரை: அதிகாரிகளை அவமதித்த பூபுசாராவுக்கு இனி நீர்க்கட்டி வேலை இல்லை.

அக்கா வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். "அட வெக்கங்கெட்டவனுங்களா, என்னைத் தொரத்தணும்னா மட்டும் கூடிக்கிட்டீங்களே! காய் பிடிக்கிறப்ப இன்னொரு தண்ணி வேணும். அப்ப உங்களை யாருடா உக்கார வைப்பா?"