கிணற்றைப் பற்றி ஐந்து நிமிடம்

எங்கள் வீட்டில் கதை குறைவு. நான் ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்குள் இறங்கியவன். வெங்காயத்தோடு கதைக்க ஒன்றும் இல்லை. ஒரே மகளையும் அப்படித்தான் வளர்த்தோம். பெட்டைப் பிள்ளைக்கு வாய் எதற்கு என்று அவளின் தாய் சொல்வாள். நான் அதுகூடச் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் அவள் கம்பஸுக்கு எடுபட்டாள். படித்தது புவியியல். அங்கே ஒரு புதுப் பாடம் வைத்தார்கள்: எழுத்தும் பேச்சும். கணக்குப் படித்தாலும் சரி, கொமேர்ஸ் படித்தாலும் சரி, எல்லாருக்கும் அது உண்டு. தான் படிப்பதை, அது தெரியாத சனத்துக்கு விளங்கும்படி ஒரு பக்கம் எழுத வேண்டும். பிறகு சொந்த ஊரில் ஐந்து நிமிடம் பேசிக் காட்ட வேண்டும். விரிவுரையாளர் நேரே வந்திருந்து புள்ளி போடுவார். அதில் தவறினால் பட்டம் இல்லை.

“ஆர் கேக்கிறது?” என்றேன்.

“சனம், அப்பா. நீங்கள்தான் ஆக்களைச் சேத்துத் தரவேணும்.”

தாய் அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். “இதை முந்தியே சொல்லியிருந்தா நாங்கள் வேறை மாதிரி வளத்திருப்பம்” என்றாள்.

மகள் எங்கள் கிணறுகளைப் பற்றி எழுதினாள். நான் எழுத்துக் கூட்டி வாசிக்கிறவன். அந்தப் பக்கம் எனக்கு விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது என்று நினைத்தேன்.

பேச இடம் வேண்டுமே. வாசிகசாலை மண்டபத்தை ஒரு பின்னேரம் தாருங்கள் என்று அதன் செயலாளரிடம் கேட்டேன்.

“தலைவர் ஆர்?” என்றான்.

“அஞ்சு நிமிசம்தான் தம்பி.”

“அஞ்சு நிமிசமெண்டாலும் கூட்டம் கூட்டம்தானே அண்ணை. தலைவர் இல்லாமல் கூட்டம் வைச்சா ஊர் என்ன சொல்லும்?”

எங்கள் ஊர் அப்படி. நாலு பேர் இருக்க ஒருவர் எழும்பி நின்றால் அது கூட்டம். கூட்டம் என்றால் தேவாரம், வரவேற்புரை, மாலை, தலைமையுரை, நன்றியுரை எல்லாம் வேண்டும். இளைப்பாறிய தலைமை வாத்தியார் தலைவரானார். அதற்கு ஆரும் அவரைக் கேட்கவில்லை. அவரே வீட்டுக்கு வந்து மகளின் எழுத்தை வாங்கிப் பார்த்தார்.

“நல்லாய் எழுதியிருக்கிறாய். ஆனா வடிவு காணாது பிள்ளை. ஒருக்காத் திருத்தித் தாறன்.”

கொண்டு போனார். கடதாசி திரும்பி வரவில்லை.

கூட்டத்தன்று விரிவுரையாளர் பஸ்ஸில் வந்து உரும்பிராய்ச் சந்தியில் இறங்கினார். மெலிந்த மனிதர். பையிலிருந்து கடதாசி எடுத்து, மணிக்கூட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். பாவம், எங்கள் ஊரை அவருக்குத் தெரியாது.

தேவாரம் முடிந்தது. வரவேற்புரை முடிந்தது. விரிவுரையாளர் கழுத்தில் மாலை விழுந்தது. தலைவர் எழும்பினார். மகள் எழுதியதை முதல் வரியில் இருந்து கடைசி வரி வரைக்கும் பேசினார். இடையிடையே நிலமகளும் கங்கையும் அமுதமும் வந்தன. விரிவுரையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு பார்க்காமல் விட்டார்.

எனக்குப் பக்கத்தில் இருந்தவர் அடுத்த தோட்டக்காரர். என்னை இடித்தார். “வாத்தியார் என்ன சொல்லுறார்?”

“தண்ணி.”

“தண்ணிக்கு என்ன?”

“தெரியேல்லை.”

கடைசியாக மகளைக் கூப்பிட்டார்கள். எழும்பினாள். சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பட்டம் போய்விட்டது என்று நினைத்தேன். தாய் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

“தலைவர் ஐயா என்ரை பேச்சைப் பேசிப்போட்டார்” என்றாள். “எனக்கு மிச்சம் ஒண்டும் இல்லை.”

சனம் சிரித்தது. தலைவரும் சிரித்தார். புகழ்ச்சி என்று எடுத்தார்.

“ஒரு விசயம்தான். எங்கடை வீட்டுக் கிணத்துத் தண்ணி தேத்தண்ணிக்கு ஆகாமல் போச்சுது. அப்பா தண்ணி இறைக்கிற மிசின் பூட்டினாப் பிறகுதான்.”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

“நல்ல தண்ணி மேலை நிக்குது. உப்புத் தண்ணி அதுக்குக் கீழை நிக்குது. துலா மிதிச்சு இறைச்ச காலத்திலை மேல் தண்ணிதான் வந்தது. மிசின் விடாமல் இழுக்க, கீழை உள்ளது ஏறி வருது.”

அடுத்த தோட்டக்காரர் எழும்பினார். “அப்ப முதல் உன்ரை அப்பரை நிப்பாட்டச் சொல்லு பிள்ளை! உவர் இழுக்கிற இழுவையிலைதான் என்ரை கிணறும் உவருது.”

“உம்மடை மிசின் என்ன, படத்துக்கு வைச்சிருக்கிறீரோ?” என்று பின்னால் ஒரு குரல்.

பிறகு ஆர் பேசுவது, ஆர் கேட்பது என்று இல்லை. தலைவர் மணியை அடித்தார். ஒருவரும் திரும்பவில்லை. மகள் மட்டும் கேட்டவனுக்குக் கேட்டவனுக்குப் பதில் சொன்னாள். நிப்பாட்ட வேண்டாம், குறைச்சு இறையுங்கோ, ஊற விடுங்கோ என்றாள். அவள் வாயில் இவ்வளவு கதை இருந்தது எனக்குத் தெரியாது. விரிவுரையாளர் எழுதிக்கொண்டே இருந்தார்.

சத்தம் அடங்க, விரிவுரையாளரை இரண்டு வார்த்தை சொல்லக் கேட்டார்கள். சுருக்கமாகப் பேசுவது ஏன் நல்லது என்று அவர் தொடங்கினார். விரிவாகச் சொன்னார். கடைசி பஸ் போய்விட்டது.

எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார். தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

“உப்பு” என்றார்.

“ஓம்” என்றேன்.

தாய் பொறுக்கவில்லை. “சேர், பிள்ளை பாஸோ?”

“கேட்ட ஆக்களுக்கு விளங்கினது அம்மா. அதுக்குப் புள்ளி இருக்கு. ஆனா அஞ்சு நிமிசத்துக்கு மேலை போயிட்டுது. அதுக்குக் குறைக்கவேணும்.”

“குறைச்சால்?”

“குறைச்சாலும் பாஸ்தான்.”

தாய் இன்னொரு இடியப்பத்தை அவர் தட்டில் வைத்தாள். பிள்ளையைப் பேச வைத்தது தானே என்று வாத்தியார் சாகும்வரை சொல்லித் திரிந்தார். அது முழுப் பொய்யும் இல்லை.

அடுத்த நாள் விடிய மிசினடிக்குப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த தோட்டக்காரர் தன் மிசினடியில் நின்றார். அவர் தொடங்கட்டும் என்று நான் நின்றேன். நான் தொடங்கட்டும் என்று அவர் நின்றார். வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. எங்கேயோ தூரத்தில் ஒரு மிசின் கேட்டது. இரண்டு பேரும் ஒன்றாய் அவரவர் மிசின் கயிற்றை இழுத்தோம்.

மகள் புத்தகங்களோடு பஸ்ஸுக்குப் போக வந்தாள். நின்று பார்த்தாள்.

“எவ்வளவு நேரம் ஓடப்போகுது அப்பா?”

“அஞ்சு நிமிசம்” என்றேன்.