சில்சோங்கின் கஞ்சியில் கலந்தது

யேச்சோன் ஊர்ச் சந்தையில் ஒக்பூனின் எண்ணெய் ஆலைக்கு எள் கொண்டு வருகிறவர்கள் முக்காலியை இழுத்துப் போட்டு இயந்திரத்துக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். வறுத்து, பிழிந்து, எண்ணெய் புட்டியில் இறங்கும்வரை கண்ணை எடுக்க மாட்டார்கள். தங்கள் எள்ளில் மலிவான சீனத்து எள் கலந்துவிடுமோ என்ற பயம். வறுப்பது அவள் கணவர் சில்சோங்கின் வேலை. முப்பத்தோரு வருடத்தில் ஒரு மணி எள் மாறிப் போனதில்லை என்று மார்தட்டுகிற மனுஷர்.

அந்த மனுஷருக்குத்தான் புற்றுநோய் வந்து இரைப்பையில் முக்கால்வாசியை வெட்டி எடுத்துவிட்டார்கள். எடை நாற்பத்தைந்து கிலோ. மூன்று வாரத்தில் நாற்பத்தேழைத் தொட்டால்தான் அடுத்த மருந்து ஏற்றுவோம், இல்லையென்றால் உடம்பு தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

கறி, மீன் வாசம் பட்டாலே அவருக்குக் குமட்டும். உள்ளே இறங்குவது கறுப்பு எள் கஞ்சி ஒன்றுதான். ஒக்பூன் அதன் தலையில் தாராளமாக எண்ணெய் ஊற்றினாள். ஆஸ்பத்திரியில் உணவு ஆலோசனை சொல்லும் பெண் இதைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"எண்ணெய் வெறும் கொழுப்பும்மா. புரதம் பூரா புண்ணாக்குல தங்கிடுமே!"

ஒக்பூனுக்குச் சுருக்கென்றது. அந்தப் புண்ணாக்கைத்தான் தூண்டில் போடுகிறவர்களுக்கு மீன் இரைக்காக மூட்டை மூட்டையாக அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப எண்ணெய விட்டுட்டு எள்ளயே நெறைய அரைச்சுக் காய்ச்சுறேன்."

"காய்ச்சுங்க. ஆனா அது மட்டும் பத்தாது. சதை பிடிக்க எல்லா அமினோ அமிலமும் சேந்து வேணும். எள்ளுல மெத்தியோனின் நெறைய, லைசின் கம்மி. சோயாவுல அப்படியே நேர்மாறு. ரெண்டையும் கலந்து குடுங்கம்மா."

கலப்பதா! அந்த ஆலையில் வாயால்கூடச் சொல்லாத சொல். அதுவும் சோயா. பட்டாளத்தில் தின்றது ஏழு ஜென்மத்துக்குப் போதும் என்று அவர் அதைத் தொடுவதே இல்லை. முடியாது என்றால் முடியாதுதான், யார் கெஞ்சினாலும். ஒக்பூன் கெஞ்சப் போகவில்லை. வாசம் அவருக்கு எட்டாமலிருக்கப் பக்கத்து வீட்டு அடுப்பில் சோயாவை வறுத்து, மாவாக்கி, முதல் நாள் அரைக் கரண்டி, அப்புறம் ஒன்று, அப்புறம் இரண்டு என்று கலந்தாள். எடை நாற்பத்தாறுக்கு ஏறியது.

பதிமூன்றாம் நாள், சந்தை நாள், ஆலைக்குப் பின்னாலிருந்த அறையில் அவர் கரண்டியை வைத்துவிட்டார்.

"இதுல என்ன கலந்த?"

"எள்ளுதாங்க."

"யாருகிட்ட? என் மூக்குகிட்டயா? நம்ம ஆலையிலயே கலப்படமா!"

அவர் போட்ட சத்தம் வெளியே ஆலையில் கேட்டுவிட்டது. முக்காலிகள் நகர்ந்தன. ஒருத்தி தன் எள் மூட்டையை வாரி அணைத்துக்கொண்டு கேட்டாள். "என்ன ஒக்பூன், கலக்குறீங்களா?"

இல்லை என்று சொன்னால் ஆலையின் பெயர் பிழைக்கும். ஆனால் அவர் மூக்கை ஏமாற்ற முடியாது, கிண்ணத்தைத் தொட மாட்டார். இன்னும் ஒரு கிலோ பாக்கி. ஒக்பூன் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆமா, கலந்தேன்! சோயா கலந்தேன்! வேற என்ன பண்ணச் சொல்றீங்க? நீங்க இல்லாம இந்த ஆலை எனக்கு எதுக்கு?"

சில்சோங் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கிண்ணத்தோடு வெளியே வந்தார். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஆலைக்குள் அவர் கால் வைப்பது அன்றுதான் முதல் தடவை.

"உங்க எள்ளுல இல்லம்மா, என் கஞ்சியில. உக்காருங்க" என்றார். தானும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். வந்தவர்கள் தங்கள் எள்ளைப் பார்ப்பதுபோலவே கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தார்கள், கடைசிக் கரண்டிவரை.

"சோயாவ தீய விட்டுட்டா. நாளைலேந்து நானே வறுக்கிறேன்" என்றார்.

மூன்றாம் வாரக் கடைசியில் ஆஸ்பத்திரித் தராசு நாற்பத்தேழே கால் காட்டியது. என்ன சாப்பிட்டீர்கள் என்று உணவு ஆலோசனைப் பெண் ஆச்சரியமாகக் கேட்டாள்.

"கலப்படம்" என்றார் சில்சோங், மார்தட்டி.