எங்கள் வாசலில் இருந்த மழைநீர்க் குழி மூடி

கிணற்றில் வாளி இறங்கினால் ‘தொபுக்’கென்று ஒரு சத்தம் வரும். மோட்டார் இருந்தாலும் செடிகளுக்கு நான் வாளியில்தான் இறைப்பேன், அந்தச் சத்தத்துக்காகவே.

ஒரு கோடையில், காலை வேளையில், ‘டங்’கென்று கேட்டது...

அடித்தரையில் வாளி மோதிய சத்தம்.

கள்ளிக்குப்பத்தில் வீடு கட்டிக் குடிவந்து அப்போது நாலு வருஷம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருந்தேன். கேஜ் வைத்து அளந்து பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விடமாட்டேன். அந்தத் திமிர் கொஞ்சம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும்.

எங்கள் தெருவிலேயே முதன்முதலில் மழைநீர்க் குழி இருந்தது எங்கள் வீட்டில்தான். வாசலில் ஓட்டை போட்ட வட்டமான சிமெண்ட் மூடி. மொட்டை மாடியிலிருந்து இறங்கி, அதன் பக்கத்திலேயே மண்ணுக்குள் போகும் பைப். நல்ல மழை என்றால் மூடியைச் சுற்றித் தண்ணீர் பொங்கித் தெருவுக்கு ஓடும். நான் குடையோடு நின்று, “பாத்தீங்களா, குழி ரொம்பி வழியுது!” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பீற்றிக்கொள்வேன்.

அதே வாயோடு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போனேன். நீங்களும் வெட்டுங்கள், மழைநீர் மண்ணில் இறங்கினால் கிணறு வற்றாது என்று ஒரே நச்சரிப்பு. முதலில் மசிந்தவர் எதிர்வீட்டு பாஸ்கர், ஆட்டோ ஓட்டுகிறவர்.

“உன் தொல்ல தாங்கலக்கா... குழிய வெட்டிக்கினா என்ன வுட்டுருவியா?”

சொல்லிவிட்டு அவரே கடப்பாரையை எடுத்துவிட்டார். ஆளுயரக் குழி, உள்ளே சிமெண்ட் உறை, அடியில் ஜல்லி. அதைப் பார்த்து இன்னும் நாலு வீடு வெட்டியது.

பிறகுதான் அந்தக் கோடை. குழி வெட்டாத வீடுகளில் கிணறு வற்றியது. குழி வெட்டிய ஐந்து வீட்டிலும் முழங்கால் அளவாவது தண்ணீர் கிடந்தது. ஆனால் ஊரையே கூட்டிக் குழி வெட்டச் சொன்ன என் கிணற்றில் ‘டங்’!

லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும்போது எல்லோர் பார்வையும் என் மேல்தான். என் பேச்சைக் கேட்டுக் குழி வெட்டியவர்களில் ஒருவரான முத்தையா சார், ஆவடி ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன திருநெல்வேலிக்காரர், நேராகவே சொல்லிவிட்டார்.

“எல்லாம் ஊத்து இருக்கிற இடத்தைப் பொறுத்ததும்மா. குழியில ஒண்ணுமில்ல. இருந்தா ஒங்க கிணறு ஏன் வத்துது? ஞாயித்துக்கிழம ஆள் வாரான். எங்க குழிய மூடிட்டு காரை நிறுத்தப் போறேன்.”

மற்ற வீட்டுக்காரர்களும் தலையாட்டினார்கள். நாலு வருஷம் கத்திக் கத்திச் சேர்த்தது ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போகப்போகிறது. அழுகை வந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை.

“எங்க குழியில சேறு அடைச்சிருக்கும் சார். சனிக்கிழமை காலைல திறந்து, தூர் வாரிக் காட்டுறேன். அப்புறம் பேசுங்க.”

சனிக்கிழமை பாஸ்கர் சீக்கிரமே கடப்பாரையோடு வந்துவிட்டார். மூடியை நெம்பித் தள்ளினோம்.

கீழே... கெட்டித் தரை. ஒரு கிழிந்த சிமெண்ட் பை. அவ்வளவுதான்.

“இன்னாக்கா இது... மூடி கீது, குழியக் காணோமே!”

பைப்பைத் தோண்டிப் பார்த்தால் அது ஒரு சாண் ஆழத்தில் முடிந்துவிட்டது. வீடு கட்டிக் கொடுத்தவர் பார்வைக்கு ஒரு மூடியைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். குழி நிரம்பி வழிகிறது என்று நான் பீற்றியதெல்லாம், போக இடமில்லாமல் தெருவுக்கு ஓடிய தண்ணீர். போல்ட்டுக்கெல்லாம் கேஜ் போட்டவள், என் வீட்டு மூடியை ஒருநாள்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை.

பாஸ்கர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“யாரும் வர்லக்கா இன்னும். மூடிரலாம். சேறு அட்ச்சிகினு இருந்துச்சி, வாரிட்டோம்னு சொல்லு. நான் வாயே தொறக்க மாட்டேன்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். பொய் சொல்லக் கூடாது என்று உடனே நிமிர்ந்து நின்றேன் என்றெல்லாம் சொல்லமாட்டேன். என் கையும் மூடி மேல்தான் இருந்தது. அப்போதுதான் உறைத்தது... குழி உள்ள வீடுகளில் தண்ணீர் இருக்கிறது. என் வீட்டில் குழியும் இல்லை, தண்ணீரும் இல்லை. இதைவிட வேறென்ன காட்ட வேண்டும்?

“எல்லாரையும் கூட்டிட்டு வாங்க பாஸ்கர்.”

வந்தார்கள். பார்த்தார்கள். அப்படி ஒரு சிரிப்பு! முத்தையா சார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மானம் கப்பலேறியதுதான். ஆனாலும் சொன்னேன்.

“நல்லா சிரிங்க சார். சிரிச்சு முடிச்சதும் போய் உங்க கிணத்தை எட்டிப் பாருங்க.”

சிரிப்பு நின்றது. அவர் நேராகத் தன் கிணற்றடிக்குப் போனார்.

மறுநாள், அவர் குழியை மூட வரச் சொன்ன ஆள், எங்கள் வாசலில் குழி வெட்டிக்கொண்டிருந்தார். அனுப்பி வைத்தது சார்தான்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வாசலிலிருந்து தெருவுக்கு ஒரு சொட்டு ஓடவில்லை. கொஞ்ச நாளில் கிணற்றில் வாளி விட்டேன்... ‘தொபுக்’!

இப்போது தெருவில் பாதி அபார்ட்மெண்ட். எங்கும் மூடிகள் பளபளவென்று இருக்கின்றன. போன மாதம் மகளுக்காகப் பாரிவாக்கத்தில் ஃப்ளாட் பார்க்கப் போனபோது, “அந்தக் குழி மூடியைக் கொஞ்சம் திறங்க” என்றேன். “இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல மேடம்” என்றார் விற்பனைக்காரர். திறக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

வீட்டுக்கு வீடு போய்ச் சண்டை பிடிக்க இப்போது தெருவில் தெரிந்த முகங்கள் குறைவு. பாஸ்கரும் ஐயப்பன்தாங்கலுக்குக் குடிபோய்விட்டார். ஆனால் வருஷா வருஷம் முதல் மழைக்கு முன்னால் அவரிடமிருந்து போன் வந்துவிடும். சௌக்கியமா என்றுகூடக் கேட்கமாட்டார்.

“இன்னாக்கா, மூடிய தொறந்து பாத்தியா?”

“பாத்துட்டேன் பாஸ்கர். குழி இருக்கு.”