அப்பன் வர்ற படம்

அரையாண்டுத் தேர்வு லீவு விட்டதிலிருந்து என் மகள் டிவி ரிமோட்டைக் கீழே வைப்பதே இல்லை. போன வாரம், கிறிஸ்துமஸுக்குப் பார்க்க வேண்டிய பழைய படங்கள் என்று ஒரு வரிசையைத் தேடி எடுத்து, அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டாள். பனி கொட்டும் ஒரு தெரு, ஜன்னலில் மெழுகுவர்த்தி, வாசலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு சிறுமி. நான் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து வந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டேன். "உங்களுக்கு இந்தப் படமெல்லாம் தெரியுமாப்பா?" என்றாள். தெரியுமாவா! இதை எங்கள் ஊர் வெண்ணந்தூர் முழுக்கப் போட்டுக் காட்டியவனே நான்தான்.

அதனால் என்னைப் பெரிய ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் இரண்டு முறை கோட்டை விட்ட பிறகு, கேபிள் டிவி வந்த புதிதில், ஊரில் கேபிள் அறையில் எனக்கு வேலை கிடைத்தது. கேசட்டைச் சுற்ற வேண்டும், போட வேண்டும், வீடியோ டெக்கின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். அவ்வளவுதான். சொந்தக்காரர்களிடம் மட்டும் 'கண்ட்ரோல் ரூம் இன்சார்ஜ்' என்று சொல்லிக்கொள்வேன். அறையின் முன்பக்கம் முதலாளி ஓர் எஸ்.டி.டி. பூத்தும் வைத்திருந்தார். அதற்கும் நான்தான் இன்சார்ஜ்.

அந்த ஸ்பிரிட் வாடை இருக்கிறதே, இன்றைக்கும் ஆஸ்பத்திரிப் படி ஏறினால் போதும், எனக்கு ஸ்டெல்லா அக்கா ஞாபகம் வந்துவிடும். எங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் நர்ஸ். எனக்குத் தெரிந்து எங்கள் தெருப்பக்கம் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டிய வீடு அவருடையது ஒன்றுதான். ஒரு வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், சேலத்தில் இருந்த தன் அண்ணன் வீட்டிலிருந்து ஓர் ஆங்கிலப் படக் கேசட்டை எடுத்து வந்தார். "தம்பி, ஊருக்கே கேக்கு குடுக்க எனக்கு வசதி பத்தாது. படமாச்சும் குடுக்கறேன், நாளைக்கு மத்தியானம் போடு" என்றார்.

போட்டேன். பத்தே நிமிடத்தில் போன் வந்தது. "ஏனுங்க, என்ன பேசறாங்கன்னே தெரியலீங்க. வேற படம் போடுங்க." அக்கா சளைக்கவில்லை. அறையில் ஒரு மைக் இருந்தது; அதில் பேசினால் எல்லா வீட்டு டிவியிலும் கேட்கும். சாவு அறிவிப்பு, காணாமல் போன ஆடு, குடிதண்ணீர் வராத நாள் எல்லாவற்றையும் அதில்தான் சொல்வோம். அதை இழுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டு, படத்தின் சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். "இவுருதான் ஊட்டுக்காரரு. குளுரடிக்குது, கதவைச் சாத்துங்கன்னு சொல்றாரு" என்று ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸ் மத்தியானமும் அப்படித்தான். முந்தின நாளே வந்து ஒரு முறை படத்தை ஓட்டிக் கதையைத் தெரிந்துகொள்வார். மறுநாள் ஊரே கேட்கும். தறிச் சத்தத்தில் டிவி கேட்காது என்று விசைத்தறிகளை நிறுத்திவிடுவார்கள். வேலை கெடுகிறதென்று சண்டை போட வந்த தறிக்காரர் ஒருவர், அங்கேயே நின்று முழுப் படத்தையும் பார்த்துவிட்டுப் போனதும் உண்டு. படத்தின் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. 'நாய் தொலைஞ்ச படம்', 'பனியில வண்டி போற படம்' என்று அவர்களே ஒன்று வைத்துக்கொள்வார்கள்.

அக்காவின் கணவர் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரைவர். போர்வெல் போட வடக்கே போனால் ஆறு மாதம், எட்டு மாதம் ஆகும். இரண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் வரவில்லை. மூன்றாவதற்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருந்தார். மகள் ஜென்சிக்கு அப்போது ஏழு வயது. அப்பா இன்றைக்கு வந்துவிடுவார் என்று புது கவுனோடு கேபிள் அறைக்கே வந்து உட்கார்ந்துகொண்டாள். படம் தொடங்கக் கால் மணி நேரம் இருக்கும்போது பூத்தில் போன் அடித்தது. ஜபல்பூரிலிருந்து அவர்தான். கண்ணாடிக் கதவுக்குள் அக்கா பேசியது கொஞ்சம், கேட்டுக்கொண்டு நின்றதுதான் அதிகம். வெளியே வந்து, குழந்தைக்குக் கேட்காதபடி என்னிடம் சொன்னார்.

"வரலை தம்பி. இனிமேலும் வர்றதா இல்லைன்னுட்டாரு. புள்ளைகிட்ட நானே சொல்லிக்கறேன். நீ படத்தைப் போடு."

அன்றைய படம்தான் போன வாரம் என் மகள் போட்டது. பிழைக்கப் போன அப்பாவுக்காக ஒரு சிறுமி காத்திருக்கிறாள். அக்கா எப்போதும் போலவே சொல்லிக்கொண்டு வந்தார், குரலில் ஒரு மாற்றமும் இல்லை. கடைசியில் ஒரு கடிதம் வருகிறது. அம்மாக்காரி அதைப் பிரிக்கிறாள். அக்கா மைக்கை ஒரு முறை கையால் மூடித் திறந்தார். பிறகு, "பனியில ரயிலு நின்னு போச்சு. நாளைக்குக் காலையில வந்துருவேன். புள்ளையை அழுகாம பாத்துக்கன்னு எழுதியிருக்காரு" என்றார்.

ஜென்சி தலையைத் தூக்கி, "நாளைக்காம்மா?" என்றாள். அது ஊருக்கே கேட்டது.

"நாளைக்குத்தான் சாமி" என்றார் அக்கா.

படத்தில் அக்கம்பக்கத்துக்காரர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்து கூடிப் பாட, படம் முடிந்தது. ஊருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். 'அப்பன் வர்ற படம்' என்று அன்றைக்கே பெயர் வைத்துவிட்டார்கள். நான் மட்டும், எந்தச் சீமையிலோ இருக்கிறவன் வீடு வந்து சேர்கிறான், இந்த மனுஷனுக்கு ஜபல்பூரிலிருந்து வர முடியவில்லையே என்று வயிறெரிந்துகொண்டிருந்தேன்.

போன வாரம் படத்தின் அடியில் தமிழ் எழுத்து ஓடியது. கடிதம் வந்தது. 'நான் திரும்பி வரப்போவதில்லை. எனக்காகக் காத்திருக்க வேண்டாம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தது. அக்கம்பக்கத்துக்காரர்கள் வந்தது அந்தச் சிறுமியைத் தேற்றத்தான். என் மகள் படித்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். முந்தின நாளே அக்காவுக்கு முடிவு தெரியும். அந்த போன் வராமல் இருந்திருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லியிருப்பாரோ என்னவோ. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மடையன் நான், இத்தனை வருடம் தெரியாமலே இருந்திருக்கிறேன்.

அந்த மனிதர் கடைசி வரை வரவே இல்லை. கோடையில் அக்கா மாற்றல் வாங்கிக்கொண்டு மகளோடு ஆத்தூர்ப் பக்கம் போய்விட்டார். பிறகு பார்க்கவில்லை. கேபிள் அறை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்ப்பது என்பதெல்லாம் இப்போது கிடையாது. கிறிஸ்துமஸ் அன்று தறிகளும் நிற்பதில்லை. ஆனால் எனக்கு அதெல்லாம் அடுத்த டிசம்பரிலேயே முடிந்துவிட்டது. அக்கா விட்டுப்போயிருந்த அதே கேசட்டை, ஊர் கேட்கிறதே என்று, மத்தியானம் போட்டுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. வயதான தறிக்காரர் யாரோ.

"ஏனுங்க, சத்தம் வருது, பேச்சே வரலீங்களே?"

"பேசறாங்களேங்க, இங்கிலீசுல."

"அது கெடக்குதுங்க. நம்ம நர்சம்மா எங்கீங்க?"

மாற்றலாகிப் போய்விட்டதைச் சொன்னேன்.

"ஊட்டுக்காரரு வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்களா?"

"ஆமாங்க" என்றேன். "வந்து கூட்டிட்டுப் போயிட்டாருங்க."