தேருக்குப் போன லாரி

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டப்படி ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை. முதலாளியின் சொல்லுக்குக் காத்திருக்கும் நேரமும் அதில் சேரும். இத்தகைய விதிகளைப் பிறருக்கு விளக்கியே அரசுப் பணியில் ஓய்வு பெற்றவன் நான்.

என் தம்பி தட்டாஞ்சாவடியில் ஒரு தொழிற்சாலைக்கு லாரி ஓட்டினான். ஓர் ஆடி வெள்ளியன்று, விடிய விடியச் சரக்கு ஏற்றி வந்தவனை முதலாளி தூங்க விடவில்லை. தம் குடும்பத்தை அதே லாரியில் வீராம்பட்டினம் தேருக்கு அழைத்துப் போகச் சொன்னார். அந்த நேரத்தையும் டூட்டியில் எழுதலாமா என்று தம்பி கேட்டான்.

"நீயும்தான சாமி கும்புடப் போற? சொந்த ஓட்டம்னு எழுதுப்பா" என்றார் முதலாளி. அவனும் எழுதினான்.

திரும்பி வந்து குடும்பத்தை இறக்கிவிட்டு, லாரியைத் தொழிற்சாலைக்கு ஓட்டும்போது கண்ணயர்ந்து புளியமரத்தில் மோதினான். வலது கால் போயிற்று. சொந்த ஓட்டத்துக்கு நஷ்டஈடு கிடையாது என்றது நிர்வாகம்.

"சாமியப் பாக்க எறங்கக்கூட இல்லண்ணே. வண்டியத் தள்ளி நிறுத்துன்னு போலீசு வெரட்டிக்கினே இருந்தாங்க" என்றான் ஆஸ்பத்திரியில்.

சட்டப்பிரிவைக் குறிப்பிட்டுத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தேன். நினைவூட்டல்களும் அனுப்பினேன்.

இப்போதெல்லாம் எந்த வண்டியானாலும், ஓட்டுநர் எப்போது தூங்கினார் என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறேன். "பெருசு, பொண்ணு குடுக்கவா விசாரிக்கிறே?" என்று ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

முதலாளி வீட்டு வாசலில் புது ஓட்டுநர் லாரியைக் கழுவி ஜமுக்காளம் விரித்துக்கொண்டிருந்ததை ஒரு நாள் பார்த்தேன். வீட்டுக்கு வந்தால், மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்திருந்தது. மறு ஆண்டுத் தேருக்கு முந்தின நாள் அது.