மூச்சு வாங்கிய வழிகாட்டி

மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாராவியில் எங்கள் சந்துக்காரர்கள் சேர்ந்து கர்ஜத் பக்கம் ஒரு மலைக்குப் போனோம். அரை நாள் நடை. வழி காட்ட அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்தார். ஒல்லி ஆள், நரைத்த மீசை, ரப்பர் செருப்பு.

என் மனைவிக்கு முட்டி வலி. நான் வழக்கம்போல முன்னால் நடந்தேன். வழிகாட்டியோ கடைசியில் அவளோடு வந்தார். கொஞ்ச தூரத்துக்கு ஒருதரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

"இருங்க தீதி, எனக்கு மூச்சு வாங்குது" என்பார் இந்தியில். தீதி என்றால் அக்கா.

அவள் உட்காருவாள். சிரிப்பாள். என்னிடம் அப்படிச் சிரித்து நாளாகிவிட்டது.

உச்சியிலிருந்து பார்த்தால் கீழே பச்சை வயல், வளைந்து ஓடும் ஆறு, விரல் நீளத்துக்கு லோக்கல் ரயில். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். நான் அவரைப் பார்த்தேன். வேர்க்கக்கூட இல்லை.

"உங்களுக்கு எங்கே மூச்சு வாங்குது?" என்று தனியாகக் கேட்டேன்.

"மெதுவா பேசுங்க. தீதிக்குத் தெரிஞ்சா இறங்கும்போது உட்கார மாட்டாங்க."

எனக்கு வயிறு எரிந்தது.

மறுவாரம் மாஹிம் ஸ்டேஷன் படியில் நானும் பாதியில் நின்றேன். "மூச்சு வாங்குது" என்றேன்.

"நடிக்காதிய. வண்டி போயிரும்" என்றாள் மனைவி.

"மலையில அந்த ஆளு சொன்னா மட்டும் நம்புவியோ?"

"அவரும் நடிச்சாருன்னு தெரியும். ஆனா பக்கத்துல நின்னுல்லா நடிச்சாரு."

நான் அவளுக்கு எட்டுப் படி மேலே நின்றிருந்தேன்.